லேப்ராஸ்கோப்பியில் ரத்தத்தை நிறுத்தும் பொடி: தூவிவிட்டு வெளியே வந்துவிடலாமா?

வாசகர் கேள்வி | 4 ஜூன், காலை 9.15

பொது அறுவை சிகிச்சையில் முதுகலை படிக்கிறேன். எங்கள் யூனிட்டில் சீனியர் ஒருவர், "பொடி வந்த பிறகு லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவையில்) ரத்தக் கசிவு ஒரு பிரச்சினையே இல்லை. தூவிவிட்டு வெளியே வந்துவிடலாம். கிளிப், தையல் எல்லாம் பழைய ஆட்கள் வேலை" என்கிறார். அவர் தூவினால் நிற்கவும் செய்கிறது, கண்ணால் பார்க்கிறேன். ஆனால் பாடப்புத்தகத்தில் பொடிக்கு அரைப் பக்கம்தான். கையில் எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன், இரவு 10.40

உங்கள் சீனியர் சொல்வது பாதி சரி. மீதிப் பாதியில்தான் நோயாளி இரவோடு இரவாகத் திரும்பத் தியேட்டருக்கு வருவார்.

பொடி ஊறும் ரத்தத்துக்கு. பீய்ச்சும் ரத்தத்துக்கு இல்லை. பித்தப்பையை உரித்து எடுத்த பிறகு கல்லீரல் படுக்கையில் இந்த இடம் என்று விரல் வைக்க முடியாதபடி பரவலாக ஊறும், பாருங்கள், அதற்குப் பொடி அருமை. பித்தப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் சிஸ்டிக் தமனியை மூடப் போட்ட கிளிப் நழுவிவிட்டது என்றால் மூட்டைக் கணக்கில் கொட்டினாலும் நிற்காது. அழுத்தத்தோடு வரும் ரத்தம் பொடியைத் தூக்கி எறிந்துவிடும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. அதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சின்னச் சிரை ஒன்று மெதுவாக, ஆனால் விடாமல் வடியும். பார்ப்பதற்கு ஊறல் மாதிரியே இருக்கும். தூவினால் நின்றது மாதிரியும் இருக்கும். ஏன் "மாதிரி" என்கிறேன் என்பதைப் பிறகு எழுதுகிறேன், நாளை ஆபரேஷன் லிஸ்ட் பெரிது.

5 ஜூன், காலை 6.50

போகிற வழியில் ஒரு வரி. கேள்வியே "பொடியா, கிளிப்பா" என்று இருக்கக் கூடாது. முதலில் காஸ் துணி வைத்து அழுத்துங்கள். அழுத்தி எடுத்த பிறகும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்தது கிளிப்பா, தையலா, மின்சூட்டால் சுடும் பைபோலாரா, பொடியா என்று முடிவு. அழுத்தாமல் நேராகப் பொடி கேட்கிறவர் எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

5 ஜூன், இரவு 11.05

"பொடி என்றால் எந்தப் பொடி?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எல்லாம் வெள்ளையாக இருப்பதால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

ஸ்டார்ச் பொடி. அரிஸ்டா இந்த வகை, உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சிலிருந்து செய்வது. அமெரிக்காவில் 2006இல் அனுமதி வாங்கியது. நுண்துளை உள்ள சின்னச் சின்ன உருண்டைகள். ரத்தத்தில் உள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிளேட்லெட்டும் உறைபுரதங்களும் உருண்டைகளுக்கு வெளியே நெருக்கமாகச் சேர்ந்து நிற்கும். உறைய வைப்பது பொடி இல்லை, நோயாளியின் சொந்த ரத்தம்தான். பொடி அதற்குக் கூட்டம் கூட்டித் தருகிறது, அவ்வளவுதான். உடம்பில் உள்ள அமைலேஸ் என்ற நொதி இதைக் கரைத்துவிடும், வழக்கமாக ஓரிரு நாளில்.

ஆக்சிடைஸ்டு செல்லுலோஸ். சர்ஜிசெல் என்றால் எல்லோருக்கும் வலைத்துணிதான் நினைவுக்கு வரும். அதையே பொடியாகவும் தருகிறார்கள். இதன் குணம் அமிலம். ரத்தம் பட்டதும் பழுப்பாகி, அப்புறம் கறுத்துப்போகும். முதல் தடவை பார்க்கிற ஜூனியர், "சார், கருகிவிட்டதா?" என்று கேட்பார். கருகவில்லை, அமிலம் ஹீமோகுளோபினைச் செய்கிற வேலை. அமிலம் என்பதால் கிருமிகளுக்கும் பிடிக்காது, ரத்தத்தை உறைய வைக்கும் நொதியான த்ராம்பினுக்கும் பிடிக்காது. செல்லுலோஸைத் த்ராம்பினில் நனைத்துப் போட்டால் த்ராம்பின் செத்துவிடும். இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்து இதைச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கொலாஜன். மாட்டுத் தோலிலிருந்து எடுக்கிற நுண்ணிழைக் கொலாஜன், அவிட்டீன் என்றால் பழைய ஆட்களுக்குத் தெரியும். பிளேட்லெட் நேராக வந்து இதில் ஒட்டும். ஆனால் ஈரக் கையுறையிலும் ஈரமான ஃபோர்செப்ஸிலும் அதைவிட நன்றாக ஒட்டும். சிந்திய ரத்தத்தைச் சேகரித்துத் திருப்பி ஏற்றும் செல் சேவர் ஓடுகிற கேஸில் இதைப் போடக் கூடாது. வடிகட்டியைத் தாண்டிப் போய்விடும்.

உறைபுரதமான ஃபைப்ரினோஜனும் த்ராம்பினும் கலந்த காய்ந்த பொடி ஒன்றும் 2015இல் அனுமதி பெற்றது, ராப்லிக்ஸா என்று. பிறகு சந்தையிலிருந்து போய்விட்டது. ஃப்ளோசீல், சர்ஜிஃப்ளோ எல்லாம் ஜெலட்டின் குழம்பு. இங்கே பேசுவது பொடியைப் பற்றி, அவற்றை இழுத்தால் இழை இன்னும் நீளும்.

முதலில் சொன்ன ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் நோயாளியின் உறைதல் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். உறைபுரதமே நீர்த்துப்போய், உடம்பு சில்லிட்டு, அமிலம் ஏறிக் கிடக்கிற நோயாளிக்கு ஸ்டார்ச் தூவுவது நீர்மேல் எழுத்து. அங்கே மயக்க மருந்து நிபுணரோடு பேசுங்கள், பொடி பாட்டிலோடு பேசாதீர்கள்.

6 ஜூன், மதியம் 2.20

கீழே ஒருவர், "ஹீமோஸ்ப்ரே குடல் ரத்தப்போக்கையே நிறுத்துகிறதே, பீய்ச்சுகிற ரத்தத்தையும் நிறுத்துகிறதே, அப்புறம் என்ன?" என்று எழுதியிருக்கிறார்.

அது வேறு பொடி, வேறு இடம். பெண்டொனைட் என்ற களிமண் கனிமம். எண்டோஸ்கோப் வழியாக, இரைப்பை அல்லது குடலின் உள்பக்கத்தில், கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் பீய்ச்சுவது. 2011இல் ஹாங்காங்கில் ஜோசப் சங் குழு புண்ணிலிருந்து ரத்தம் வந்த 20 பேரிடம் பயன்படுத்தி எழுதியதிலிருந்து பேச்சு தொடங்கியது; அமெரிக்க அனுமதி 2018இல். உடம்பு அதைக் கரைக்காது. ஒரு நாள், இரண்டு நாளில் உதிர்ந்து மலத்தோடு போய்விடும். குடலுக்கு ஒரு வெளிவாசல் இருப்பதால் அது சரி. வயிற்றறைக்கு ஏது வாசல்? குடலில் ஓட்டை இருக்கிறது என்று சந்தேகம் இருந்தாலே அதைப் போடக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

அங்கேயும்கூட பீய்ச்சுகிற ரத்தம் முதலில் நின்று, பொடி உதிர்ந்ததும் மறுபடி தொடங்குவது தெரிந்த கதை. கிளிப் போடும்வரை நேரம் வாங்கித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

7 ஜூன், இரவு 9.30

இந்த இழையில் இதுவரை வந்ததில் நல்ல கருத்து ஒரு தியேட்டர் செவிலியருடையது: "டாக்டர்கள் பொடியைப் பற்றிப் பேசுகிறீர்கள், குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை."

உண்மை. பாதித் தோல்வி பொடி தூவும் குழாயின் நுனியில்தான் நடக்கிறது. ட்ரோகாரின் (கருவிகள் உள்ளே போக வயிற்றில் குத்தி வைக்கும் குழல்) வால்வில் ஒரு சொட்டு ரத்தம் இருக்கும். குழாய் அதன் வழியாகப் போகும்போது நுனி நனையும். வயிற்றை உப்ப வைக்க உள்ளே செலுத்தியிருக்கிற வாயுவும் ஈரம். நுனியில் பொடி பசையாகி ஒரு வெள்ளை அடைப்பு உட்காரும். நாம் அமுக்குவோம், ஒன்றும் வராது. இன்னும் ஓங்கி அமுக்குவோம், அப்போதும் வராது. மூன்றாவது அமுக்கில் அடைப்பு தெறித்து, பாட்டிலில் இருந்தது மொத்தமும் ஒரே மேகமாகப் போய், கல்லீரல், குடல், கேமரா என்று எல்லாவற்றிலும் படியும். திரை வெள்ளை. கேமரா பிடிக்கிறவர் பின்னால் இழுப்பார். லென்ஸைத் துடைத்துவிட்டுத் திரும்பி உள்ளே வரும்போது, எந்த இடத்துக்காகத் தூவினோமோ அந்த இடம் மட்டும் சிவப்பாகவே இருக்கும்.

செவிலியர் சொன்னதையும் என் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். குழாயை விடுவதற்கு முன் ட்ரோகாரின் உள்பக்கத்தைக் காய்ந்த காஸால் துடையுங்கள். வாயு வருகிற குழாயை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காற்றோட்டமே பொடியை அடித்துக்கொண்டு போகும். புகை இழுக்கும் கருவி ஓடினால் நிறுத்துங்கள். விலை கொடுத்து வாங்கிய பொடியை அது குடித்துவிடும். நுனி ரத்தத்தைத் தொடவே கூடாது, ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலேயே நிற்கட்டும். கேமராவைக் கொஞ்சம் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இரண்டு கை வேலை. இடக் கையில் காஸ் அழுத்தியபடி இருக்கட்டும், வலக் கையில் குழாய். காஸை நகர்த்திய அந்த நொடியே தூவ வேண்டும், குழி நிறைவதற்குள். தேங்கின ரத்தத்தின் மேல் தூவினால் பொடி மேலே ஒரு தோலாக மிதக்கும், அடியில் ரத்தம் தன் பாட்டுக்கு வரும். தூவியதும் ஈரக் காஸ் வைத்து அழுத்துங்கள். காய்ந்த காஸ் வேண்டாம், எடுக்கும்போது பொடி அடையும் சேர்ந்து உரிந்து வரும். எடுப்பதற்கு முன் காஸை சலைனால் நனைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

8 ஜூன், காலை 7.10

"எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும்?"

இரண்டு மூன்று நிமிடம். சுவர்க் கடிகாரத்தில். அறுவை மருத்துவரின் மனக் கடிகாரத்தில் அரை நிமிடத்துக்கே இரண்டு நிமிடம் என்று பெயர். மயக்க மருந்து நிபுணரிடம் நேரம் பார்க்கச் சொல்லுங்கள், அவர்கள் அதைச் சந்தோஷமாகச் செய்வார்கள்.

9 ஜூன், இரவு 10.15

முதல் நாள் "நின்றது மாதிரி" என்று எழுதி விட்டுப்போனேன். அதற்கு வருகிறேன்.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வைத்திருக்கிறோம். பல சிரைகளின் உள் அழுத்தம் இதைவிடக் குறைவு. ஆகவே, நாம் உள்ளே இருக்கிறவரை வாயுவே சிரையை அமுக்கிப் பிடித்திருக்கிறது. இடுப்புப் பகுதி வேலையில் தலையைத் தாழ்த்திப் படுக்க வைத்திருப்போம், அங்கே சிரை அழுத்தம் இன்னும் குறையும். போதாததற்கு மயக்கத்தில் ரத்த அழுத்தமும் கீழே. இவ்வளவும் சேர்ந்து நிறுத்தி வைத்திருக்கிற ரத்தத்துக்குப் பொடி பெயர் வாங்கிக்கொண்டு போகிறது.

ஒரு சக மருத்துவர் மறுநாள் காலை திரும்ப உள்ளே போக வேண்டியிருந்த கேஸில் உதவிக்கு நின்றேன். பித்தப்பை கேஸ். கல்லீரலுக்கு அடியில் கட்டியாக ரத்தம். படுக்கை முழுக்கக் கறுத்த அடை. அதைக் கழுவிக் கழுவி எடுக்கத்தான் நேரம் போனது. அடை போன பிறகு பார்த்தால், படுக்கையின் நடுவில் ஒரு சிரைக் கிளை. நடுக் கல்லீரல் சிரையின் கிளைகள் சிலருக்குப் பித்தப்பைப் படுக்கையை ஒட்டி மேலாகவே ஓடும். ஒரு தையல், முடிந்தது. முதல் நாள் யாரும் அஜாக்கிரதையாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. தூவினார்கள், நின்றது, வெளியே வந்தார்கள். பொடி நிறுத்தாமல் போனது ஒரு பக்கம். அந்தச் சிரையைப் பார்க்க முடியாதபடி மூடியது இன்னொரு பக்கம்.

அதனால் என் வழக்கம்: முடிக்கும் முன் வாயு அழுத்தத்தை எட்டுக்கோ அதற்குக் கீழோ இறக்கி, மேசையைச் சமமாக்கி, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டு, சில நிமிடம் சும்மா பார்ப்பேன். முடிந்தவரை இதைப் பொடிக்கு முன்பே செய்துவிடுவேன். சுத்தமான படுக்கையில் சிரை தன்னைக் காட்டிக்கொடுக்கும். பொடி போட்ட பிறகு இன்னொரு தடவை.

10 ஜூன், காலை 6.30

நேற்று விட்டுப்போனது: காற்று. அமுக்கிப் பீய்ச்சும் குழாய்களில் போவது அறைக் காற்று. அது கார்பன் டை ஆக்சைடு மாதிரி ரத்தத்தில் சட்டென்று கரையாது. ஃபைப்ரின் திரவத்தை அழுத்தக் காற்றால் தெளிக்கும் கருவிகளில் காற்று ரத்தக்குழாய்க்குள் புகுந்து உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இலும் ஐரோப்பிய அமைப்பு 2012இலும் எச்சரித்தன. அவை திரவம், தொடர் அழுத்தம். கைப் பம்பால் தூவும் பொடியில் காற்றின் அளவு அதைவிட எவ்வளவோ குறைவு. இருந்தாலும் வாய் திறந்த சிரைக்கு நேராக நுனியை வைத்துத் தூவாதீர்கள். காற்றாக இருந்தாலும் பொடியாக இருந்தாலும் சிரைக்குள் போனால் இதயத்துக்குத்தான் போகும். வாய் திறந்த சிரை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் அங்கே எதற்குப் பொடி?

11 ஜூன், இரவு 11.20

திரும்பப் படித்தால் நான் பொடிக்கு எதிரி போலத் தொனிக்கிறது. இல்லை. சூடு வைக்கக் கூடாத இடங்களில் பொடியை நான் விரும்பித்தான் கேட்கிறேன்.

சினைப்பையிலிருந்து எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்படலம் போன்ற திசு வேறிடத்தில் வளர்வது) கட்டியை உரித்து எடுக்கிறோம். உள்சுவர் முழுக்க ஊறுகிறது. பைபோலாரால் சுட்டுக்கொண்டே போனால் ரத்தம் நிற்கும், கூடவே நல்ல முட்டைகளும் வேகும். சுட்டவர்களுக்கு, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ஹார்மோனின் அளவு அதிகமாகக் குறைவதும், தைத்தவர்களுக்கு அவ்வளவாகக் குறையாததும் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் சினைப்பையில் அந்த வித்தியாசம் பெரிது. தையல், இல்லாவிட்டால் தடவும் மருந்து, பொறுமையாக அழுத்தம், சூடு கடைசியில். புராஸ்டேட் அறுவையில் பக்கவாட்டு நரம்புக் கற்றை, சிறுநீர்க்குழாயை ஒட்டிய இடம், குடல் சுவர் எல்லாவற்றுக்கும் இதே நியாயம். சூடு நாம் தொட்ட புள்ளியில் நிற்பதில்லை, பக்கத்திலும் பரவும்.

இங்கெல்லாம் ஊறல்தான், மேற்பரப்பும் மேடு பள்ளம். வலைத்துணி மடங்கிக்கொண்டு எங்கேயும் ஒட்டாது. பொடி ஒவ்வொரு பள்ளத்திலும் போய் உட்காரும். நல்ல வெளிச்சமும் திரும்பக் கிடைக்கும். ரத்தம் ஒளியைக் குடிக்கிற பொருள். வயிற்றில் கொஞ்சம் பரவினாலே படம் இருண்டுபோவதைப் பார்த்திருப்பீர்கள்.

எனவே 5ஆம் தேதிக் குறிப்பில் கிளிப், தையல், பைபோலார், பொடி என்று எழுதிய வரிசையை வரிசையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இடம்தான் வரிசையை முடிவு செய்யும்.

12 ஜூன், இரவு 9.50

"கையுறையில் ஸ்டார்ச் பொடி கூடாது என்று தடை போட்டுவிட்டு, பாட்டில் பாட்டிலாக ஸ்டார்ச்சை வயிற்றில் கொட்டுகிறோமே?"

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. பொடிபோட்ட கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடை செய்தது. காரணங்களில் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஒட்டுத் திசுவும், ஸ்டார்ச்சைச் சுற்றி உருவாகும் குருணைக் கட்டிகளும் உண்டு. ரத்தம் நிறுத்தும் ஸ்டார்ச் அமைலேஸில் சீக்கிரம் கரையும்படி மாற்றிச் செய்தது, சுத்திகரித்தது, இரண்டு நாளில் காணாமல் போகிறது என்பது தயாரிப்பாளர் பதில். நடைமுறையில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனாலும் ரத்தம் நின்ற பிறகு மிச்சப் பொடியை மெதுவாகக் கழுவி உறிஞ்சி எடுங்கள் என்று தயாரிப்புகளின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. அதைச் செய்கிறவர்கள் குறைவு. நின்ற ரத்தத்தைத் தொட யாருக்கு மனசு வரும்? ஓரங்களில் கிடப்பதையாவது எடுங்கள், அடையை விட்டுவிடுங்கள்.

செல்லுலோஸுக்கு இன்னொரு வம்பு. கரைய ஓரிரு வாரம் ஆகும். அதற்குள் நோயாளிக்குக் காய்ச்சல் வந்து சிடி எடுத்தால், உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளோடு ஒரு திரள் தெரியும். ரேடியாலஜிஸ்ட் சீழ்க்கட்டி என்று எழுதுவார். அவர் மேல் தப்பில்லை, படம் அப்படித்தான் இருக்கும். என்ன பொருள், எங்கே, எவ்வளவு வைத்தோம் என்று அறுவைக் குறிப்பில் ஒரு வரி எழுதியிருந்தால் அவர் போன் போட்டுக் கேட்பார். எழுதாவிட்டால் ஊசி போட்டு உறிஞ்சப் பார்ப்பார்கள்.

14 ஜூன், மாலை 5.40

கேள்வி கேட்ட தம்பி இழையைச் சீனியரிடமே காட்டிவிட்டாராம். தைரியசாலி. சீனியர் பதில்: "நான் தூவுவதைத்தான் பார்க்கிறாய். அதற்கு முன்னால் ஐந்து நிமிடம் என்ன தேடினேன் என்று பார்த்தாயா?"

சரி, வாபஸ். பாதி சரி என்றேன், முக்கால் என்று வைத்துக்கொள்வோம். பழகிய கை எதைத் தேடியது என்று திரையில் தெரியாது, தூவியது மட்டும் தெரியும். அடுத்த கேஸில் அவர் காஸ் வைத்த பிறகு கருவியை எங்கெல்லாம் கொண்டுபோகிறார், எந்த ஓரத்தைத் தூக்கிப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

ஆனால் "பழைய ஆட்கள் வேலை" என்றதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. காத்திருக்கிறேன்.

15 ஜூன், இரவு 10.05

இரண்டு சின்னப் பதில்கள்.

சர்க்கரை நோயாளிக்கு ஸ்டார்ச் பொடி போடலாமா? போடலாம். கரைந்தால் குளுக்கோஸ்தான், அதனால் 50 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று குறிப்பேடு சொல்கிறது. பெரிய பாட்டிலே 5 கிராம். பத்து பாட்டில் தீர்ந்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் அந்தத் தியேட்டரில் குளுக்கோஸைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதற்கு வெகு முன்பே வயிற்றைத் திறந்திருக்க வேண்டும்.

முதுகெலும்பு அறுவையில் பயன்படுத்தலாமா என்று கேட்டவருக்கு: இந்தப் பொருட்கள் ஈரத்தில் உப்பும். வயிற்றில் உப்பினால் இடம் இருக்கிறது. எலும்புக் கூட்டுக்குள் உப்பினால் நரம்பைத்தான் நெருக்கும். செல்லுலோஸை உள்ளே விட்டுவிட்டுக் கால் செயலிழந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. அங்கே ரத்தம் நின்றதும் வெளியே எடுத்துவிட வேண்டும். பொடியை முழுதாக எடுப்பது கஷ்டம், துண்டாக இருப்பதை எடுப்பது சுலபம். எனவே அந்த இடத்துக்கு நான் பொடியைச் சொல்ல மாட்டேன், முதுகெலும்பே வேலையாக இருக்கிறவர்கள் வந்து சொல்லட்டும்.